வினாகிரி பட்ட கல்

இன்னும் பெயர் வைக்கப்படாத என் பிள்ளைக்கு,

எனக்குப் பதினாறு வயது. நீ பிறக்க எத்தனையோ காலம் கிடக்கிறது. ஆனாலும் இந்த வீட்டில் உன்னைப் பற்றிய பேச்சு அடிக்கடி வரும். நான் சாப்பாட்டைப் பாதியில் விட்டால், எதிர்த்துப் பேசினால், கேட்டதற்குப் பதில் சொல்லாமல் நின்றால், அம்மா உன்னைத்தான் இழுப்பார்: "நாளைக்கு உனக்கும் ஒரு பிள்ளை பிறக்குமெல்லே, அப்ப தெரியும்." அந்தப் பிள்ளை நீதான். எனக்குத் தெரிந்தவர்களில் என்னைக் காட்டிக்கொடுக்க முடியாத ஆள் இப்போது நீ ஒருத்திதான். அதனால் உனக்கு எழுதுகிறேன். நீ வளர்ந்து, வேலைக்கென்றோ கலியாணம் கட்டியோ என்னை விட்டுப் போகும் நாளில் இதை உன் கையில் தருவேன். தருவேனோ என்பது எனக்கே சந்தேகம்தான். என்னையும் முழுதாக நம்பாதே.

பாரிசை ஒட்டிய ஒபர்வில்லியேயில் எங்கள் வீட்டில் தாழ்ப்பாள் உள்ள கதவு குளியலறைக்கு மட்டும்தான். சலவை இயந்திரத்தின் மேல் கொப்பியை வைத்து எழுதுகிறேன். தமிழில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நான் ஒன்பது வயதுவரை யாழ்ப்பாணத்தில் படித்தவள், எனக்கு அது சிரமமில்லை. பிரெஞ்சில் எழுதினால் அது கடிதமாக இருக்காது, சாட்சியாகிவிடும். இந்த நாட்டில் பிரெஞ்சில் எழுதப்பட்ட எதையும் யாரோ ஒருவர் ஒரு கோப்பில் போட்டு வைத்துவிடுவார்கள் என்று எனக்குப் பயம்.

உன் அம்மப்பா, அதாவது என் அப்பா, போர்த் து லா சப்பலுக்குப் பக்கத்தில் ஓர் அலுவலகக் கட்டடத்தில் காலை ஐந்து மணியிலிருந்து ஒன்பதுவரை தரை துடைக்கிறார். ஆறு மாடிகள். மேல்மாடிகளில் பிளாஸ்டிக் தரையும் கம்பளமும். கீழே வாசல் மண்டபத்தில் மட்டும் வெளிர்மஞ்சள் கல். மெருகேற்றிய கல், குனிந்தால் முகம் தெரியும். அப்பாவுக்கு அந்தக் கல்லில் ஒரு பெருமை இருந்தது. கோடையில் அதற்கு ஒரு வேலையும் இல்லை, மாரி காலத்தில்தான் ஒரு தரையைக் காப்பாற்றுவது என்றால் என்ன என்று தெரியும் என்பார். நடைபாதையில் பனி உறையாமலிருக்க மாநகரசபை உப்புத் தூவும். அந்த உப்பையும் மணலையும் நானூறு பேர் சப்பாத்தில் அள்ளிக்கொண்டு வந்து உள்ளே கொட்டுவார்கள். அதற்காக வாசலில் மூன்று விரிப்புகள். வெளியே கிடக்கும் முரட்டு விரிப்பு மணலை உரசி எடுக்கும், கதவுக்குள் இருக்கும் இரண்டாவது தண்ணீரைக் குடிக்கும், மூன்றாவது மிச்சத்தைப் பிடிக்கும். நனைந்து ஊறிய விரிப்பு விரிப்பே இல்லை, அது உப்புத்தண்ணீரைத் திருப்பிச் சப்பாத்திலேயே பூசிவிடும், அதனால் நேரத்துக்கு மாற்றவேண்டும். இதெல்லாம் விடுமுறை நாட்களில் அவருடன் கூடப் போய் நான் கற்றது. ஈர விரிப்பை முதுகு பிடிக்காமல் எப்படிச் சுருட்டுவது என்று காட்டித் தந்தவர் அமினாத்தா. மாலி நாட்டுக்காரி, அம்மாவின் வயது இருக்கும். மத்தியானம் இரண்டு மணி முறைக்கு அதே மண்டபத்துக்கு வருபவர்.

இந்த மாரியில் மூன்றாவது விரிப்பு காணாமற்போனது. தோய்க்கக் கொண்டுபோனார்கள், திரும்பி வரவில்லை. அப்பா தவம் மாமாவிடம் கேட்டார். தவம் மாமா எங்களுக்குச் சொந்தமில்லை. லெ பிளாங்-மெனில் என்ற ஊரில் இருக்கிறார், துப்புரவுக் கம்பெனியில் மேற்பார்வையாளர், அப்பாவுக்கு இந்த வேலையை எடுத்துத் தந்தவர். "வரும் வரும்" என்றார். அது வரவேயில்லை. விரிப்புக்கு என்ன நடந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் நத்தார்ப் பண்டிகைக்கு அவர் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்த சொக்கலேட் பெட்டி வழமையை விடப் பெரிதாக இருந்தது. அன்றே அதை நான் கவனித்தேன்.

இனி வேலைத்தாளைப் பற்றிச் சொல்லவேண்டும். ஒவ்வொரு நாளும் எத்தனை மணிக்கு எந்த இடம் துடைக்கப்பட்டது, எந்தத் திரவம் பாவிக்கப்பட்டது என்று எழுதிக் கையெழுத்து வைக்கும் தாள் அது. அப்பாவுக்குப் பிரெஞ்சு எழுத வராது. ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் வரப்போகும் கிழமைக்கான தாள்களை அவர் வீட்டுக்குக் கொண்டுவருவார். சோறு உண்ட மேசையைத் துடைத்துவிட்டு நான் திங்கள் தொடக்கம் வெள்ளி வரை எல்லாவற்றையும் ஒரே இருப்பில் நிரப்புவேன். இன்னும் நடக்காத நாட்களுக்கு, இன்னும் துடைக்காத தரைக்கு. திரவம் என்ற இடத்தில் எப்போதும் ஒரே சொல்: காரமும் புளிப்பும் இல்லாத சாதாரண சவர்க்காரத் திரவம். கடைசியில் அப்பாவின் பெயரையும் நானே வைப்பேன். இந்த யோசனை தவம் மாமாவுடையது. எங்கள் ஆட்கள் பல வீடுகளில் இப்படித்தான், பிள்ளைதான் வீட்டின் எழுத்துவினைஞர். தவம் மாமா தாளைப் பார்த்து, "அச்சடிச்ச மாதிரி எழுத்து" என்று ஒருமுறை சொன்னபோது எனக்கு மனம் குளிர்ந்தது. இதுதான் உனக்கு என் முதல் புத்திமதி: நடக்காத ஒன்றை நடந்ததென்று யாராவது உன்னை எழுதச் சொல்லி, எழுதியபின் உன் கையெழுத்தைப் புகழ்ந்தால், பேனையை மூடி வை.

தை மாதம் பனி கொட்டியது. மூன்றாவது விரிப்பு இல்லாததால் உப்பு மண்டபத்தின் நடுவரை நடந்து வந்தது. அப்பா துடைப்பார், காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாகத் திரும்பி நிற்கும். மூன்று தரம் தண்ணீர் மாற்றித் துடைத்தால் போயிருக்கும். ஆனால் அந்தப் பெரிய கட்டடத்துக்கு அவர் ஒருத்தர், நாலு மணித்தியாலம். கட்டட நிர்வாகி கைத்தொலைபேசியில் படம் எடுத்துத் தவம் மாமாவுக்கு அனுப்பினார், தவம் மாமா அப்பாவுக்கு அனுப்பினார். அன்று பின்னேரம் அப்பா சப்பாத்தைக் கழற்றாமலே கதிரையில் இருந்தார். நான் உதவ நினைத்தேன், அவ்வளவுதான். தேடினேன். உப்புக் கறைக்கு வெள்ளை வினாகிரி, ஊறுகாய்க்கு ஊற்றும் அந்தப் புளிப்புக் காடி, என்று முதலாவதாகவே வந்தது. அம்மா கேத்தலில் படியும் சுண்ணாம்பை எடுக்க அதைத்தான் ஊற்றுவார், சமையலறையில் எப்போதும் இரண்டு போத்தல் நிற்கும். "அப்பா, இதை ஊத்திப் பாருங்கோ, மாயமாப் போகும்" என்று ஒரு போத்தலை அவருடைய பையில் நானே வைத்தேன்.

முதல்நாள் ஈரத்தோடு பளிச்சென்று இருந்ததாம். சந்தோசமாக வந்தார். இரண்டாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால் கதவிலிருந்து மின்தூக்கி வரை அந்த இடமெல்லாம் மங்கிக் கிடந்திருக்கிறது. உப்பு இன்னும் மிச்சம் இருக்கிறது என்று நினைத்து அவர் இன்னும் கூட ஊற்றினார். அன்று மாலை அவர் அதைச் சொன்னதும் நான் சமையலறைக்குப் போய் மற்றப் போத்தலைத் திருப்பினேன். பின்பக்கத்தில், எறும்பு அளவு எழுத்தில், இயற்கைக் கல்லிலும் மார்பிளிலும் பாவிக்கக் கூடாது என்று இருந்தது. புளிப்பு அந்தக் கல்லைத் தின்றுவிடும்.

இங்கேதான் நீ நன்றாகக் கேட்கவேண்டும். தெரியாமல் செய்தது என்று நான் சொல்லக்கூடியது முதல் இரண்டு நாட்களுக்கு மட்டும்தான். நான் போத்தலைக் குப்பைப் பையின் அடியில் ஒளித்துவிட்டு வந்து, அப்பாவுக்கு முன்னால் இருந்து சாப்பிட்டேன். சொல்லவில்லை. மூன்றாம் நாளும் அவர் ஊற்றினார்.

இப்போது கல் செத்துவிட்டது. மறுபடி மெருகேற்ற ஆட்களும் இயந்திரமும் வரவேண்டுமாம். கட்டடக்காரர் யார் செய்தது என்று கேட்கிறார். வேலைத்தாளில் சாதாரண சவர்க்காரம் என்று என் அழகான எழுத்து சொல்கிறது. அப்பா தவம் மாமாவிடம், தான் ஒன்றும் ஊற்றவில்லை, மத்தியானம் வாறவள்தான் ஏதோ ஊற்றியிருக்கவேண்டும் என்று சொல்லிவிட்டார். தவம் மாமா அதை இறுகப் பிடித்துக்கொண்டார். அமினாத்தாவின் இடத்துக்குத் தன் மச்சானைப் போட அவர் நெடுநாளாகப் பார்க்கிறார் என்று முன்பு அப்பாவே சொல்லியிருக்கிறார். இப்போது அந்த மச்சானைப் பற்றி வீட்டில் யாரும் கதைப்பதில்லை.

நாளைக் காலை பத்து மணிக்குக் கம்பெனி அலுவலகத்தில் விசாரணை. அப்பாவுக்கு மொழிபெயர்க்க நான் போகவேண்டும், பள்ளிக்கூடத்துக்குக் காய்ச்சல் என்று அம்மா அறிவித்துவிட்டார். இந்த நாட்டில் இருப்பதற்கான அப்பாவின் கார்ட் வருடா வருடம் புதுப்பிக்கிற கார்ட். மார்ச்சில் வேலைக் கடிதம் இல்லாமல் போனால் என்ன நடக்கும் என்று யாரும் சொல்வதில்லை, சொல்லத் தேவையுமில்லை. அமினாத்தாவையும் பத்தரைக்கு வரச்சொல்லி இருக்கிறார்கள். அப்பா சொல்லப்போகும் பொய்யை நான் பிரெஞ்சில் சொன்னால் அமினாத்தாவின் வேலை போகும். சொல்லாவிட்டால் அப்பாவுடையது.

இன்று சாப்பிடும்போது அப்பா என்னைப் பார்க்காமல், "நீ ஒண்டுக்கும் யோசிக்காதை. நான் சொல்லுறதைச் சொன்னாச் சரி. பொடிச்சிக்கு என்ன தெரியும் எண்டுதான் நினைப்பினம்" என்றார். அம்மா குழம்பை அள்ளி என் கோப்பையில் போட்டார், நான் கேட்கவில்லை. அப்போதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. வினாகிரிதான் கல்லைத் தின்றது என்று இருவருக்கும் தெரிந்திருக்கிறது. போத்தலைக் குப்பைப் பையில் கண்டிருக்கவேண்டும். என்னைக் காப்பாற்றத்தான் இந்தப் பொய்யா, அல்லது தங்களைக் காப்பாற்ற என்னைப் பாவிக்கிறார்களா? இரண்டும் ஒரே முகத்தோடுதான் இருக்கிறது. யாரோ தண்ணீர் குடிக்க எழும்பிவிட்டார்கள். நிறுத்துகிறேன்.

பத்து நாளைக்குப் பிறகு எழுதுகிறேன்.

அலுவலகத்துக்கு வெளியே ஒரு வாங்குப் பலகையில் அமினாத்தா எங்களுக்கு முன்னமே வந்து இருந்தார். அப்பா சுவரைப் பார்த்து நின்றார். அமினாத்தா என்னைப் பக்கத்தில் இருக்கச் சொல்லி, பள்ளிக்கூடம் இல்லையா என்று கேட்டார். காய்ச்சல் என்றேன். என் நெற்றியில் கையை வைத்து, அப்படியே வைத்திருந்துவிட்டுத்தான் எடுத்தார். அந்தக் கை ஏன் அவ்வளவு நேரம் அங்கே இருந்தது என்று உள்ளே போகும் வரை யோசித்தேன்.

உள்ளே கம்பெனியின் பொறுப்பாளரான மதாமும் தவம் மாமாவும் இருந்தார்கள். மேசையில் என் எழுத்து, ஒரு கட்டுத் தாள். மதாம் கேட்டார், நான் தமிழில் சொன்னேன், அப்பா தன் வசனத்தைச் சொன்னார்: தான் சவர்க்காரத்தைத் தவிர வேறொன்றும் பாவிக்கவில்லை, மத்தியானம் வரும் பெண் என்ன பாவிப்பாள் என்று தனக்குத் தெரியாது. பழுதில்லாத, நன்றாக யோசித்த வசனம். மூன்று பேரும் என் வாயைப் பார்த்தார்கள். நான் பிரெஞ்சில் சொன்னேன்: வினாகிரி ஊற்றச் சொன்னது நான். அப்பாவுக்கு அது கல்லுக்கு ஆகாதென்று தெரியாது. அமினாத்தாவுக்கு இதில் ஒரு சம்பந்தமும் இல்லை.

வினாகிரி என்ற சொல் அப்பாவுக்குப் பிரெஞ்சிலும் தெரியும். அவருடைய முழங்கால் என் முழங்காலில் இடித்தது. தவம் மாமா தமிழில், மிக மெல்ல, சிரித்த முகத்தோடு சொன்னார்: "பிள்ளை, கொப்பர் அப்பிடிச் சொல்லேல்லையே." மதாம் அவரிடம் என்ன என்று கேட்டார். அவர் ஒரு கணம் யோசித்தார். கிளறினால் தாள் எழுதச் சொன்ன கதையும் வெளியே வரும் என்று கணக்குப் போடுகிறார், பார்க்கவே தெரிந்தது. பிறகு, பிள்ளை சரியாகத்தான் சொல்கிறாள் என்றார்.

மதாம் தாள்களைத் தட்டி, அப்படியானால் இதை எழுதியது யார் என்று கேட்டார். நான் என்றேன். யார் எழுதச் சொன்னது? அங்கே நான் ஒரு பொய் சொன்னேன். யாருமில்லை, அப்பாவுக்கு உதவ நானாக எழுதினேன் என்றேன். தவம் மாமாவுக்கு நல்லது செய்ய நான் நினைக்கவில்லை. அப்பாவின் அடுத்த வேலை அவருடைய வாயில் இருக்கிறது என்று பயந்தேன். உண்மை சொன்னவள் என்று நீ என்னைப் பெரிதாக நினைத்துவிடாதே. ஒரே மேசையில், ஐந்து நிமிடத்துக்குள் இரண்டும் செய்தேன். அவரும் நன்றி சொல்லவில்லை. அன்று தொடக்கம் நான் எதற்காகத் தன்னை விட்டுவைத்தேன் என்ற கேள்வியோடுதான் பார்க்கிறார்.

பத்தரைக்கு அமினாத்தாவை உள்ளே கூப்பிட்டுவிட்டு எங்களை வெளியே அனுப்பினார்கள். ஐந்து நிமிடத்தில் வந்துவிட்டார். அவருடைய வேலைக்கு ஒன்றும் இல்லை. பையை எடுத்துக்கொண்டு என்னிடம் சொன்னார், வினாகிரி ஊற்றிய முதல்நாள் மத்தியானமே தனக்கு மணந்ததாம். அந்த மனிதன் தானாகச் சொல்வான் என்று காத்திருந்தாராம். அப்பாவுக்கு அதைத் தமிழில் சொல்லச் சொன்னார். சொன்னேன். அன்று நான் செய்த மொழிபெயர்ப்பிலேயே கடினமானது அதுதான்.

அப்பா தன் தரப்பைக் கடிதமாக எழுதித் தரவேண்டும் என்று மதாம் சொல்லியிருந்தார். மூன்று நாள் அப்பா என்னோடு கதைக்கவில்லை. கடிதத்தைப் பற்றி நான் கேட்கவும் இல்லை. சனிக்கிழமை அம்மா கறிவேப்பிலை வாங்க என்னைத் தமிழ்க் கடைகள் உள்ள லா சப்பலுக்கு அனுப்பினார். ரூ து ஃபொபூர் சேன்-தெனி என்ற தெருவில், விமானச்சீட்டும் மொழிபெயர்ப்பும் செய்யும் கடையின் கண்ணாடிக்குள் அப்பா இருந்தார். என் இடத்தில் ஒரு அந்நியர் கணினியில் தட்டிக்கொண்டிருந்தார். நான் விலகிப் போயிருக்கவேண்டும், போகவில்லை. அப்பா கண்டுவிட்டார். கையைக் காட்டி உள்ளே கூப்பிட்டு, அச்சடித்த தாளை என் முன்னால் தள்ளினார்.

"பிழை இருக்கோ பார். உவை கண்டபடி அடிப்பினம்."

கடைக்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது. நான் வாசித்தேன். பிரெஞ்சு திறமாக இருந்தது. தரையைக் கெடுத்தது தான் என்றும், முதலில் வேறொருவர் மேல் சொன்னது தன் பிழை என்றும் அப்பா சொல்லியிருந்தார். தாள்களை முன்கூட்டி எழுதச் சொன்னது மேற்பார்வையாளர் என்றும் இருந்தது, பெயரோடு. நான் விழுங்கியதை அவர் சொல்லிவிட்டார். ஆனால் இன்னொரு வசனம்: வினாகிரி ஊற்றும் யோசனை என்னுடையது, என் மகள் என்னைக் காப்பாற்றத்தான் அன்று தன்னுடையது என்றாள்.

"ஒரு வசனம் பிழை அப்பா," என்றேன்.

"எங்கை பிழை? அவர் சொன்னதைத்தான் நான் அடிச்சனான்," என்றார் கடைக்காரர்.

நான் விரலை வைத்துக் காட்டினேன். அப்பா அந்த இடத்தைப் பார்க்கக்கூட இல்லை. "அது கிடக்கட்டும். உன்ரை பேர் கடதாசியிலை ஏறக்கூடாது. உனக்கும் நாளைக்குக் கார்ட் எடுக்கவேணும்." கடைக்காரரிடம் பேனை வாங்கி, தன் பெயரைத் தானே, நிதானமாக எழுதினார். நான் அதைத் தடுக்கவில்லை. தடுத்திருக்க வேண்டுமா என்று உன்னிடம்தான் கேட்கிறேன். நீ பெரியவளாகி இதை வாசிக்கும்போது பதில் தெரிந்தால் சொல்லு. ஒருவர் உனக்காகப் பொய் சொல்லும்போது அதைச் சந்தேகிக்கவும் முடியாது, ஏற்கவும் முடியாது.

நேற்று கம்பெனியின் பதில் வந்தது. உறையை அப்பா என்னிடம் தந்தார். எழுத்தில் எச்சரிக்கை, கோப்பில் வைக்கப்படும். அந்தக் கட்டடத்தில் இனி வேலை இல்லை. திங்கள் தொடக்கம் ஒபர்வில்லியேயில் ஒரு மொத்தவியாபாரக் கிடங்கு, லொறிகள் உள்ளே வந்து போகும் இடம். மணித்தியாலம் குறையவில்லை, வேலைக் கடிதம் தருவார்கள். தவம் மாமாவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நான் வாசித்து முடிக்க, அப்பா இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார், இந்த முறை மெதுவாக. எதையும் விடுகிறேனோ என்று என் வாயைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எச்சரிக்கை என்ற இடத்தையும் நான் விடவில்லை. அம்மா சமையலறை வாசலில் நின்று கேட்டார்.

அப்பா கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு, "அங்கை சீமெந்துத் தரை. லொறிக்காரர் உப்பும் எண்ணெயும் கொண்டந்து கொட்டுவினம்," என்றார். "சீமெந்துக்கு என்னென்ன போடக்கூடாது எண்டு பாத்துச் சொல்லு."

நான் உடனே சொல்லவில்லை. ஒரு இடத்தில் பார்த்து, அதை நம்பாமல் இன்னொரு இடத்தில் பார்த்து, மூன்றாவதாகவும் பார்த்து, மூன்றும் ஒன்றையே சொன்ன பிறகுதான் போய் அவருக்கு முன்னால் இருந்தேன்.